வெள்ளாற்றங்கரையில் ராத்தங்கல்

சைக்கிளில் ஊர் சுற்றுகிறவனுக்குப் பகல் ஒரு பிரச்சினையே இல்லை. வெயில் அடித்தால் புளியமரம், பசித்தால் டீக்கடையில் ரெண்டு வடை, பஞ்சரானால் அடுத்த ஊரில் ஒரு கடை. தொல்லையெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான். எங்கே படுக்கிறது?

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் எங்க புதுக்கோட்டை மாவட்டத்து வரலாறு கொஞ்சம் வேற மாதிரி தெரிய ஆரம்பிக்குது. பல்லவர், முத்தரையர், இருக்குவேளிர், தொண்டைமான் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த வரிசை பின்னால் போய்விடுகிறது. யார் நடந்தாங்க, யார் சுமந்தாங்க, ராத்திரி யாருக்கு எங்கே இடம் கிடைச்சது என்பது முன்னால் வந்து நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாசி மாதம். இலுப்பூரில் கிளம்பி அன்னவாசல், சித்தன்னவாசல், புதுக்கோட்டை. அப்புறம் வெள்ளாற்றை ஒட்டினாற்போல அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், கடைசியில் மணமேல்குடிக் கடற்கரை. மூணு பகல், ரெண்டு ராத்திரி. மெயின் ரோட்டில் போனால் தெம்பான ஆள் ஒரே நாளில் முடிக்கிற தூரம்தான். நான் ஆற்றைக் கண்ட இடத்திலெல்லாம் உள்ளே இறங்கி, கம்மாக்கரைகளில் சுத்தி, வழி கேட்டு வழி தப்பிப் போனதால் மூணு நாள். வண்டி கியர் இல்லாத பழைய ஹெர்குலிஸ். பின்னால் கேரியரில் ஒரு தார்ப்பாய், ஒரு போர்வை, ரெண்டு பாட்டில் தண்ணி, பஞ்சர் ஒட்டுகிற சாமான். டென்ட் எல்லாம் கிடையாது. எங்க ஊர்ப் பக்கம் டென்ட் அடிச்சா சர்க்கஸ் வந்திருக்குன்னு கூட்டம் கூடிடும்.

வெள்ளாறு என்றதும் சிலருக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலில் சேருகிற ஆறு ஞாபகம் வரும். அது வடவெள்ளாறு. எங்களுடையது தென்வெள்ளாறு. திருச்சி மாவட்டத்துக் குன்றுகளில் பிறந்து, புதுக்கோட்டை மாவட்டத்தைக் குறுக்கே வகுந்துகொண்டு மணமேல்குடிப் பக்கம் கடலுக்குப் போகிறது. "போகிறது" என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஐப்பசி கார்த்திகையில் மழை நல்லா பெய்தால் நாலு நாள் செம்மண் கலரில் தண்ணி ஓடும். மற்றபடி வருஷம் பூரா மணல், நாணல், கரையெங்கும் சீமைக்கருவேலம். ஆற்றை நம்பி இங்கே யாரும் விவசாயம் பண்ணினது இல்லை. ஓடுகிற நாலு நாளில் அணைக்கட்டுப் போட்டு மறித்துக் கண்மாய்களுக்குத் திருப்பிவிட்டார்கள். மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் கண்மாய், குளம். கிழக்கே அறந்தாங்கிப் பக்கம் போனால் மட்டும் கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரித் தண்ணி எட்டிப் பார்க்கும்.

இந்தக் காய்ந்த ஆறுதான் ஒரு காலத்தில் பெரிய எல்லைக்கோடு. பழைய கணக்கில் சோழநாட்டுக்குத் தெற்கெல்லையும் பாண்டியநாட்டுக்கு வடக்கெல்லையும் இதுதான். அந்த எல்லையை நான் சைக்கிளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் தாண்டினேன். உருட்டிக்கொண்டு போக முடியாது, மணலில் சக்கரம் அச்சாணி வரைக்கும் புதையும். அக்கரை ஏறினதும் பின் சக்கரத்தில் காற்று இல்லை. கருவேல முள். சோழநாட்டில் வாங்கின முள்ளுக்குப் பாண்டியநாட்டில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினேன்.

சரி, படுக்கைக்கு வருவோம்.

இந்த மாவட்டத்தில் வெளியூர்க்காரன் படுத்ததற்குக் கிடைக்கிற மிகப் பழைய சாட்சி சித்தன்னவாசல். எல்லாரும் போய்ப் பார்ப்பது அறிவர் கோயில் ஓவியத்தை. தாமரைக் குளம், மீன், யானை, எருமை, பூப்பறிக்கிற துறவி எல்லாம் அழகுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனால் குன்றின் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம் என்கிற குகைத்தளம் இருக்கிறது. பாறையில் வெட்டின படிக்கால் வழியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு போகணும். உள்ளே 17 கல் படுக்கைகள். வழவழவென்று தேய்த்து, தலைமாட்டில் கல்லையே தலையணை மாதிரி உயர்த்திவிட்டிருக்கிறார்கள். சமண முனிவர்கள் தங்கின இடம். அதில் பெரிய படுக்கை ஒன்றின் பக்கத்தில் தமிழ் பிராமிக் கல்வெட்டு. கிமு முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு இளையர் செய்து கொடுத்த இருக்கை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். எருமிநாடு என்பது மைசூர்ப் பக்கம் என்பது அறிஞர்கள் கருத்து.

யோசித்துப் பாருங்கள். எங்கேயோ மேற்கே பிறந்து இவ்வளவு தூரம் நடந்து வந்த ஒருத்தர். அவர் படுக்க இந்தப் பக்கத்து ஆள் கல்லில் படுக்கை போட்டுக் கொடுத்து, அதை எழுதியும் வைக்கிறார். தமிழில் கிடைத்திருக்கிற மிகப் பழைய எழுத்துக்களில் ஒரு பகுதி இப்படி வெளியூர்க்காரனுக்குப் போட்ட படுக்கைகளில்தான் கிடக்கிறது. மாங்குளம், ஆனைமலை, கொங்கர் புளியங்குளம் என்று மதுரையைச் சுற்றிலும் இதே கதைதான். அந்தக் கல் மேல் கையை வைத்தால் உச்சிவெயிலிலும் குளுகுளுவென்று இருந்தது. இப்போ அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. பார்க்கலாம், படுக்க முடியாது. நல்லதுதான், நம்ம ஆட்கள் ஏற்கெனவே அங்கங்கே பேரைக் கிறுக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

முதல் ராத்திரி நான் படுத்தது புதுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கம்மாக்கரை அய்யனார் கோயிலில். மண்குதிரைகள் வரிசையாக நிற்க, நடுவில் ஒரு சின்ன சிமெண்டுத் திண்ணை. அய்யனார் ராத்திரியில் குதிரை ஏறி ஊரைச் சுத்தி வருவார் என்பது நம்பிக்கை. (குதிரை என்றால் குளமங்கலம் குதிரையைப் பார்க்கணும். வில்லுன்னி ஆற்றங்கரையில் 33 அடி உயரத்தில் நிற்கிறது. மாசி மகத்துக்கு அதன் மேல் ஆயிரக்கணக்கில் காகிதப்பூ மாலை விழும். அது வேற ரூட்டு, இன்னொரு தடவை எழுதுகிறேன்.)

ஏழரை மணி இருக்கும், டார்ச் லைட்டோடு ஒரு பெரியவர் வந்தார்.

"யாரு தம்பி? எந்தூரு?"

சொன்னேன்.

"யாரு வீட்டுப் புள்ள?"

இந்த ரெண்டாவது கேள்வி எதற்கு என்று நம்ம ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அப்பா பேரையும் தெரு பேரையும் சொன்னால் மீதியை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். கணக்கு அவருக்குச் சரியாக வந்திருக்க வேண்டும். "தரையில படுக்காதீங்க, பூச்சிபொட்டு கெடக்கும். அந்தத் திண்ணையில ஏறிப் படுங்க" என்றார். அரை மணி கழித்து ஒரு சொம்பில் தண்ணி வந்தது. கணக்குச் சரியாக வராதவனுக்கும் அந்தத் திண்ணையும் சொம்பும் கிடைத்திருக்குமா என்று படுத்துக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தேன்.

மறுநாள் அறந்தாங்கி ரோட்டுக்கு உள்வாக்கில் ஒரு மண்பாதையில் சுமைதாங்கிக் கல் ஒன்றைப் பார்த்தேன். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லணும்: ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தால் அதுதான் சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல், குனியாமல், சுமையை அப்படியே அந்தக் கல்லுக்கு மாற்றிவிட்டு மூச்சு வாங்கலாம். திரும்பத் தூக்கவும் ஆள் வேண்டாம். தலை உயரத்துக்கு ஒரு கல். இதைவிட எளிமையான ஒரு பொதுப்பணி உலகத்தில் எங்கேயாவது இருக்கான்னு தெரியலை.

அதை ஏன் நட்டார்கள் என்பதுதான் விஷயம். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்து போனால் அவள் பேரில் சுமைதாங்கி நடுவது தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள், அவள் பேரில் மற்றவர்கள் சுமையாவது இறங்கட்டும் என்று. நான் பார்த்த கல்லில் எழுத்து எதுவும் இல்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவரைக் கேட்டேன். "எந்தக் காலத்துப் பொண்ணோ, யாருக்குத் தெரியும். எங்க மாமியா காலத்துலயே பழைய கல்லுதான் இது" என்றார்.

கல்லு நிற்கிறது, பேர் போய்விட்டது. பேர் நிற்பது கிழக்கே, கடற்கரைப் பக்கம்.

மணமேல்குடி, மீமிசல் எல்லாம் இன்று புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் அது தொண்டைமான் சீமை இல்லை. 1974 ஜனவரி 14ல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனபோதுதான் அறந்தாங்கிச் சீமை தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. தஞ்சாவூரிலிருந்து கடலோரமாக ராமேஸ்வரம் போகிற பாதை இந்த வழியாகத்தான். சேது யாத்திரை போகிறவர்கள் வடக்கே காசியிலிருந்துகூட நடந்து வருவார்கள். அவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய ராஜாக்கள் அந்தப் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். பேர்களைப் பாருங்கள்: மணமேல்குடியில் திரௌபதாம்பாள்புரம், மீமிசலில் ராஜகுமாராம்பாள்புரம், வடக்கே நீடாமங்கலத்தில் யமுனாம்பாள்புரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள்புரம். எல்லாம் பெண்கள் பேர். பெரும்பாலும் ராணிகள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் மட்டும் ராணி இல்லை. இரண்டாம் சரபோஜி மன்னரின் காதற்கிழத்தி. அந்தச் சத்திரம் யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி செதுக்கின கட்டடத்தோடு இன்னும் நிற்கிறது. பின்னாளில் மாணவர் விடுதியாகவும் இருந்திருக்கிறது.

1801ல் சரபோஜி, கம்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு இந்தச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். ஆட்சி கையை விட்டுப் போய்விட்டது. சத்திரங்களையாவது விட்டுவிடுங்கள் என்கிற தொனி. அங்கே என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். சாதி பார்க்காமல் எல்லா வழிப்போக்கருக்கும் சோறு, நோயாளிக்கு மருந்து, வழியில் பிரசவ வலி வந்த பெண்களுக்குப் பராமரிப்பு. ராஜா தன் பெருமையைத் தானே எழுதியிருக்கிறார், கொஞ்சம் தள்ளுபடி பண்ணித்தான் படிக்கணும். இருந்தாலும் அந்தக் கடைசி விஷயத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த எழுத்தில்லாத சுமைதாங்கிதான் ஞாபகத்துக்கு வந்தது. சத்திரத்தை எட்டிப்பிடித்தவள் பிழைத்தாள், எட்டாதவள் கல்லானாள்.

ஆக, வழியில் இளைப்பாறுகிற இடமெல்லாம் பெண்கள் பேரில். வழியில் தன் இஷ்டத்துக்குப் போய்வருகிறவர்கள் ஆண்கள். சைக்கிள் வந்தும் ரொம்ப நாளைக்கு இதுதான் நிலைமை.

தமிழ்நாட்டு ரோடுகளில் நெடுந்தூரம் சைக்கிள் மிதித்தவர்களில், எழுதி வைத்துவிட்டுப் போன முதல் தலைமுறைப் பெண் என்று பார்த்தால் வெள்ளைக்காரிதான். ஃபேனி புல்லக் வொர்க்மேன் என்கிற அமெரிக்கப் பெண்மணியும் அவர் கணவரும் 1897 கடைசியிலிருந்து சில வருஷம், இலங்கையில் ஆரம்பித்துத் தென்கோடியிலிருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் சைக்கிளிலேயே வந்தார்கள். பர்மா, ஜாவா எல்லாம் சேர்த்து மொத்தம் 14,000 மைல். 1904ல் புத்தகமாகப் போட்டார்கள். ராத்திரி தங்கல் டாக் பங்களாவில், இல்லை ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில். தைரியமான பெண்மணி, சந்தேகமே இல்லை. 1912ல் காரகோரத்தில் பனிமலை மேல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கிற பத்திரிகையை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவர். ஆனால் கூட வந்த வேலைக்காரர்களையும் சுமைதூக்கிகளையும் பற்றி எழுதும்போது வருகிற எரிச்சல் இருக்கே... அந்த உரிமையெல்லாம் நம்ம ஊர்ப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

புதுக்கோட்டைக்கு ரயிலே 1929ல்தான் வந்தது. சைக்கிள் அப்போது மைனர்கள், வாத்தியார்கள், தபால்காரர்கள் சமாச்சாரம். 1949ல் தொடங்கின டி.ஐ. கம்பெனி அம்பத்தூரில் சைக்கிள் தயாரிக்க ஆரம்பித்த பிறகு மெல்ல மெல்லக் கிராமத்துக்கு வந்தது. ஊருக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை. பையன்கள் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு, முழங்கால் சிராய்ச்சு, ஒரு லீவில் கற்றுக்கொண்டுவிடுவோம். பெண்பிள்ளைகள் திண்ணையில் நின்று வேடிக்கை பார்க்கும். வண்டியைத் தொட்டால் "பொட்டப்புள்ளைக்கு என்ன சைக்கிள்" என்று அதட்டல் வரும். பின்னால் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து போகலாம், அதுவும் அப்பா, அண்ணன், புருஷன் ஓட்டினால்.

1991ல் அறிவொளி இயக்கம் வந்தது. கேரளத்தில் எர்ணாகுளம் 1990ல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்ட வேகத்தில் நாடு முழுக்கப் பரவின இயக்கம். புதுக்கோட்டைக்குக் கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் ராத்திரியில் தெருவிளக்கடியில் வகுப்பு நடத்தணும். தொண்டர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பஸ் காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பெண்கள் ஊர் விட்டு ஊர் போக ஒவ்வொரு தடவையும் ஒரு ஆம்பளையைக் கெஞ்சணும். அப்போதுதான் சைக்கிளும் பாடத்தில் சேர்ந்தது. படிக்கத் தெரியணும், எழுதத் தெரியணும், கூட்டல் கழித்தல் தெரியணும், சைக்கிள் ஓட்டத் தெரியணும்.

கலெக்டர் வங்கிகளைப் பேசி, பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்க வைத்தார். அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம நர்ஸுகள், கல் குவாரியில் ஜல்லி உடைக்கிறவர்கள், பட்டைக்கல் தீட்டுகிறவர்கள், வயல்வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லாத் தரப்பும் வந்தார்கள். முத்துபாஸ்கரன் எழுதின சைக்கிள் பாட்டு ஒவ்வொரு ஊர் முகாமிலும் ஒலித்தது. அந்தக் காலத்து ஆட்களிடம் இன்றைக்குக் கேட்டாலும் பாடிக் காட்டுவார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கு மேல் பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனைச் சுற்றி வந்தார்கள். நேரில் வந்து பார்த்து எழுதிய பி. சாய்நாத் கணக்குப்படி, கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் பார்க்க ஓட்டிக் காட்டினார்கள்.

ஊர் பார்க்க என்பதுதான் முக்கியம். தனியாக ஒருத்தி ஓட்டினால் கேலி. ஆயிரம் பேர் ஓட்டினால் கேலி பண்ணுகிறவன்தான் தனி ஆள்.

எங்க சித்தி அந்த ஒரு லட்சத்தில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கடையில் ஸ்டாக் இல்லாமல் போன காலம் அது. சித்தப்பாவின் பார் வைத்த வண்டியில்தான் பழகினாங்க. புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வரப்பில் விழுந்து, கருவேல முள்ளில் விழுந்து. சித்தப்பா ஒரு வாரம் பேசலையாம். "பேசலைன்னா என்ன, வண்டியைப் பூட்டி வைக்கல, அது போதும்" என்பாங்க சித்தி. பழகினதுக்கு அப்புறம் லேடீஸ் சைக்கிள் வந்தும் அவங்க மாறலை. பார் வைத்த வண்டியில்தான் வசதியாம். முன்னால் பாரில் குழந்தை, பின்னால் கேரியரில் ரெண்டு குடம் தண்ணி, ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. நான்கு கிலோமீட்டர் போய்க் குடிதண்ணி எடுத்து வருவாங்க. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ரெண்டு மணி நேரம் மிச்சம்.

சாகசப் பயணம்னு பேசும்போது நாம மொத்த மைலைத்தான் எண்ணுகிறோம். தினம் ரெண்டு நடை, பத்து வருஷம் என்று சித்தியின் தண்ணி நடையை ஒருநாள் கணக்குப் போட்டேன். ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. வொர்க்மேன் தம்பதியின் 14,000 மைலைவிடப் பெரிசு. புத்தகம்தான் வரலை.

அதற்கப்புறம் எவ்வளவோ வந்துவிட்டது. 2001ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆனது. டி.வி.எஸ். எக்ஸெல், ஸ்கூட்டி வந்தது. 2021லிருந்து டவுன்பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அறந்தாங்கி ரோட்டில் காலை எட்டரை மணிக்கு நின்றால் யூனிஃபார்ம் போட்ட பெண்பிள்ளைகள் சைக்கிளில் போகிற வரிசையைப் பார்த்து யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படித் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் 1992ல் அத்தனை கொடியும் பெல்லும் தேவைப்பட்டது.

ஆனால் நான் சொன்னது எல்லாம் பகல்.

ரெண்டாவது ராத்திரி ஆவுடையார்கோயில் தாண்டி ஆற்று மேட்டில் தார்ப்பாய் விரித்தேன். (ஆவுடையார்கோயில் என்றால் திருப்பெருந்துறை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தோடு வந்த மாணிக்கவாசகர் பயணத்தை மறந்து நின்ற ஊர். எனக்கும் அந்தக் கொடுங்கையைப் பார்த்து ரெண்டு மணி நேரம் போச்சு.) ஆற்று மணலில் முழங்கை ஆழம் தோண்டினேன், ஊத்துத் தண்ணி வரலை. முன்பெல்லாம் வருமாம்; மணலை அள்ளி அள்ளி மட்டம் கீழே போய்விட்டது என்றார் வழியில் பார்த்த ஒருவர். இருட்டினதும் மூன்று பேர் பைக்கில் வந்து விசாரித்தார்கள். அதே கேள்விகள். சொன்னேன். "சரிண்ணே, பாத்து படுங்க" என்று போய்விட்டார்கள். அவ்வளவுதான் என் சாகசம். ரெண்டு ராத்திரியும் என் ஆம்பளைத்தனம்தான் எனக்கு டென்ட்.

ஊருக்கு வந்து இதையெல்லாம் அளந்துகொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள். காலேஜ் ரெண்டாம் வருஷம். "மாமா, அடுத்த தடவை நானும் வரவா?"

வீட்டில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் சித்தியைப் பார்த்தேன். சித்திக்கு இப்போ அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி.

"பகல்ல எங்க வேணா கூட்டிட்டுப் போ. ராத்திரி வெளிய படுக்கிறதெல்லாம் சரிப்படாது" என்றாள் அக்கா.

"நான் சைக்கிள் எடுத்தப்ப உங்கம்மா இதே மாதிரிதான் எங்கிட்ட சொன்னா. அதுக்குச் சைக்கிளே சரிப்படாதுன்னு" என்றாங்க சித்தி. அதோடு நிறுத்தியிருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். நிறுத்தலை. "ஆனா இவ சொல்றதும் நெசந்தான். நாங்க ஆயிரம் பேரு ஓட்டினோம். ரெண்டு பேரு போய் ஆத்துல படுத்தா அது வேற" என்றாங்க.

அந்தப் பேச்சு ரெண்டு வாரம் ஓடியது. அக்கா பயப்படுவதில் நியாயம் இருக்கு. அந்தப் பெண் கேட்பதிலும் இருக்கு. கடைசியில் நானும் சித்தியும் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். அவளுடைய காலேஜ் தோழிகள் மூன்று பேர், அவள், நான். ஆற்று மேடு கிடையாது. முதல் ராத்திரி, சித்தியோடு 1992ல் சைக்கிள் பழகின ஒரு அம்மா வீட்டு மாடி. வெட்டவெளிதான், சுத்தி வயல்தான், ஆனால் கீழே ஆள் இருக்கும். ரெண்டாவது ராத்திரிக்கு மணமேல்குடிப் பக்கம் அதே மாதிரி இன்னொரு வீடு. அந்த ரெண்டு அம்மாக்களுக்கும் சித்தியே போன் பண்ணிப் பேசிட்டாங்க. ஒருத்தர், "எத்தனை புள்ளைங்க வருது, சோறு ஆக்கணும்ல" என்று கேட்டாராம்.

மழை முடிந்து தை பிறந்ததும் கிளம்புகிறோம். நாலு வண்டியும் ஓவராயிலுக்குக் கொடுத்தாச்சு. அக்கா மகளுக்கு ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள்தான். செயின் மாத்தணும், பின் டயர் மாத்தணும், பெல் சுத்தமாகச் சத்தம் வரலை.